கறள் வளர்த்த வீடு

நான் கறளை அடித்துத் துரத்திச் சம்பளம் வாங்குகிறவன். கறள் என்றால் இரும்பின் மேல் சிவப்பாகப் பொருக்குத் தட்டி நிற்குமே, அதுதான். வேறு ஊர்களில் துரு என்பார்கள். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் படகுகளைக் கரையேற்றித் திருத்தும் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. காலையில் போனால் சுத்தியல், சுரண்டி, கம்பித் தூரிகை. தட்டி, சுரண்டி, தேய்த்து, அடியில் இருக்கும் இரும்பு பளபளவென்று சிரிக்கும்வரை விடமாட்டோம். அது சிரித்த கையோடு, அடுத்த கறள் வந்து குந்துவதற்கு முன்னால், பெயின்ற் அடித்து மூடிவிடுவோம். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது என் தலை, புருவம், மூக்குத் துவாரம் எல்லாம் செங்கல் நிறம். என்னைக் கண்டதும் சின்ன மகள் கத்துவாள்:

"அம்மா, அப்பா இண்டைக்கும் பழுத்திட்டார்!"

எங்கள் வீடு பாலையூற்றில். கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காற்றுக்குத் தெரியும். அது உப்பைக் கொண்டுவந்து யன்னல் கம்பியில், சைக்கிளில், பூட்டில், கத்தரிக்கோலில் பூசிவிட்டுப் போகும். ஆகையால் என் மனைவி வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறாள். உப்புத் தண்ணீர் பட்ட எதுவானாலும் நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலம்ப வேண்டும், பிறகு வெயிலில் காய வைக்க வேண்டும். செருப்பு, மீன் வெட்டும் கத்தி, மோட்டார் சைக்கிள், கடலில் குளித்துவிட்டு வரும் பிள்ளைகள், நான். யாருக்கும் விலக்கு இல்லை. இந்தச் சட்டத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள் பிள்ளைகளே, பிறகு வேலை இருக்கிறது.

என் மூத்த மகளுக்கு அப்போது பதினைந்து வயது. கெட்டிக்காரி. ஆனால் வகுப்பில் வாய் திறக்கமாட்டாள். பெற்றார் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு ரீச்சரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "உங்கட பிள்ளைக்கு விடை தெரியும். ஆனா கை தூக்கமாட்டா." நானும் அந்த வயதில் கை தூக்காதவன்தான். விடையும் தெரியாது என்பதால் எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அவளுக்கு அப்படி இல்லை. தெரிந்த விடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது சுவரைப் பார்த்துச் சொல்லுவாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து, பையைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்றாள்.

"அம்மா, இண்டைக்கு நான் வகுப்பில கை தூக்கிப் போட்டன்."

என் மனைவி தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். "எதுக்கு? என்ன கேட்டவை?"

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. இவளுடைய விஞ்ஞான ரீச்சர், கரண்டால் இரும்பைக் கரைத்துக் காந்தத்துக்குப் பின்னால் ஓடுகிற கறுப்புத் தூள் செய்து காட்ட யார் வருவீர்கள் என்று கேட்டிருக்கிறார். வகுப்பு முழுக்க மேசையைப் பார்த்திருக்கிறது. இவள் கை மட்டும் தானாக மேலே போய்விட்டது.

"தானா எப்பிடிப் போகும்?" என்றேன்.

"தெரியாது அப்பா. பார்க்கேக்க மேல நிண்டது."

"சரி, அந்தத் தூள் என்ன தூள்?"

அவள் பையைக் கழற்றி வைத்தாள். என் செங்கல் நிறப் புருவத்தைப் பார்த்தாள். "ஒரு வகைக் கறள்."

வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்னவள் கதிரையில் இருந்து விழும் அளவுக்குச் சிரித்தாள். "அப்பா அங்க அடிச்சுக் கலைக்கிறார், அக்கா இஞ்ச வளக்கப் போறா!"

ரீச்சர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை தூளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காந்தத்துக்கு ஓடினால் கண்காட்சியில் நடு மேசை இவளுக்கு. ஓடாவிட்டால் அந்த மேசை எரிமலைக்கு. எரிமலை என்பது பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒருத்தி கடதாசியால் செய்தது. அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றினால் நுரை தள்ளும். அதே எரிமலை வருசா வருசம் வேறு வேறு பிள்ளைகளின் கையில் வெடித்துக்கொண்டு வருகிறது.

மேசையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. என் கவலை அந்தக் கையைப் பற்றி. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு முறை மேலே போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை அது வெறுங்கையாகக் கீழே வந்தால் பிறகு எழும்புமா? அதனால் நான் சொன்னேன், "பயப்பிடாத பிள்ளை. கறள் விஷயத்தில நீ சரியான வீட்டிலதான் பிறந்திருக்கிறாய்."

சொன்னேனே தவிர, எனக்குக் கறளை அழிக்கத்தான் தெரியும். ஆக்கத் தெரியாது.

அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள். இந்தத் தூளின் துணிக்கைகள் மிக மிகச் சின்னவை. நனோ துணிக்கை என்று அவர்களுடைய பாடத்தில் பெயர். எவ்வளவு சின்னது? உங்கள் தலைமயிர் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். (தங்கச்சியின் தலையில் பிடுங்க வேண்டாம்.) அந்த ஒரு மயிரின் தடிப்புக்குள், கோயில் திருவிழாவில் நிற்பதுபோல, இந்தத் துணிக்கைகள் ஆயிரக்கணக்கில் தோளோடு தோள் உரசி வரிசையாக நிற்கலாம். சுத்தியலால் இடித்து இவ்வளவு சின்னதாக்க ஏலாது. அதனால்தான் கரண்டைக் கூப்பிடுகிறார்கள். உப்புத் தண்ணீரில் இரண்டு இரும்புத் துண்டை நிறுத்தி, ஒன்றைப் பற்றரியின் கூட்டல் பக்கத்துக்கும் மற்றதைக் கழித்தல் பக்கத்துக்கும் கொடுத்தால், கூட்டல் பக்க இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து தண்ணீருக்குள் வரும். கழித்தல் பக்கத்தில் குமிழி கிளம்பும். கரைந்து வந்த இரும்பு தண்ணீருக்குள் இருப்பதோடு சேர்ந்து, கீழிருந்து மேலாகத் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும். சரியாகக் கட்டினால் கறுப்பு, காந்தத்துக்கு ஓடும். பிழையாகக் கட்டினால் சாதாரணச் சிவப்புக் கறள், ஓடாது.

"அப்ப கஷ்டமில்லை. கறுப்பாக் கட்டுவம்," என்றேன்.

அடுத்த நாள் மேற்பார்வையாளரிடம் கேட்டு, பட்டறையில் உள்ளதிலேயே நல்ல ஆணிகளாகப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். என் மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கழற்றினேன். ஒரு பிளாஸ்ரிக் கான் நிறையக் கடல் தண்ணீரும் கொண்டுவந்தேன், உப்பு ஏற்கெனவே போட்டு வந்திருக்கிறது என்ற நினைப்பில்.

"அப்பா, கடலுக்குள்ள உப்பு மட்டும் இல்லை. இன்னும் எத்தினையோ சாமான் கரைஞ்சிருக்கு."

"மீன் மூத்திரமும்," என்றாள் சின்னவள்.

கடல் தண்ணீர் தள்ளி வைக்கப்பட்டது. ஒரு பிளாஸ்ரிக் பேசினில் கொதித்தாறிய நல்ல தண்ணீரை ஊற்றி, கறி உப்பை அளந்து போட்டாள். யன்னலைத் திறக்கச் சொன்னாள், குமிழியாக வருவது எரியக்கூடிய வாயுவாம். ஆணிகளைக் கட்டினோம், வயரைப் பொருத்தினோம். குமிழி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இஞ்ச வந்து பாருங்கோ என்று மனைவியையும் கூப்பிட்டேன்.

கறுப்பு வரவில்லை. சிவப்பும் வரவில்லை. தண்ணீர் மெல்ல மெல்ல வெள்ளையாகி, அடியில் கட்டி கட்டியாகப் படிந்தது.

சின்னவள் பேசினுக்குள் எட்டிப் பார்த்தாள். "அக்கா தயிர் போட்டிட்டா."

மூத்தவள் ஒரு ஆணியைத் தூக்கிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். "அப்பா, இது வெறும் இரும்பே?"

"வெறும் இரும்போ? படகுக்கு அடிக்கிற ஆணி. நாகம் பூசினது. கடலுக்குள்ள கிடந்தாலும் லேசிலை கறள் பிடிக்காது. அவ்வளவு நல்ல சாமான்."

அவள் அந்த ஆணியை என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது. கறள் வளர்க்க, கறள் பிடிக்காத ஆணி கொண்டுவந்திருக்கிறேன். கரைந்ததெல்லாம் மேலே பூசியிருந்த நாகம், துத்தநாகம் என்கிறார்களே அந்த உலோகம்.

"உங்கட ஆணி சரியில்லை எண்டு நான் சொல்லேல்லை அப்பா," என்றாள் இரக்கத்தோடு. "சரியா இருக்கிறதுதான் பிரச்சினை."

பிறகு வீடு முழுக்க வெறும் இரும்பு தேடினோம். எங்கள் ஊரில் அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பானை சட்டி அலுமினியம். அலுமாரிப் பிணைச்சல் பித்தளை. யன்னல் கம்பிக்கு நான் மூன்று பூச்சுப் பெயின்ற் அடித்திருக்கிறேன். கரண்டியை எடுத்தேன், அவள் பாய்ந்து பறித்தாள். கறள் பிடிக்காத அந்த உருக்கில் வேறு உலோகம் கலந்திருக்குமாம், கரண்ட் கொடுத்துக் கரைத்தால் நஞ்சாகுமாம். பிள்ளைகளே, இதை நீங்களும் மனதில் வைத்திருங்கள், சாப்பிடுகிற கரண்டியை இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. சுவர்க் கரண்டையும் தொடக் கூடாது. பெரிய ஆள் பக்கத்தில் இல்லாமல் ஒன்றும் செய்யக் கூடாது.

"நான் பட்டறையில இருந்து ஒரு சாக்குக் கறள் கொண்டு வரட்டே?" என்று கேட்டேன். "சும்மா கொட்டிக் கிடக்கு."

"அது செத்த கறள் அப்பா. எனக்குப் புதுசாப் பிறக்கிறது வேணும்."

கடைசியில் நானும் மூத்தவளும் கிண்ணியாவுக்குப் போனோம். பாலத்தைத் தாண்டியதும் பழைய இரும்பு வாங்கி விற்கிற ஒருவர் இருக்கிறார். பட்டறைக் கழிவை எடுக்க வருகிறவர், நான் காக்கா என்று கூப்பிடுவேன், எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம். பற்றரியை நல்ல காலமாக மோட்டார் சைக்கிளில் திரும்பப் பூட்டியிருந்தேன். அவர் இரும்புக் குவியலுக்கு நடுவில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, ஒண்டும் பூசாத வெறும் இரும்புக் கம்பி ரெண்டு துண்டு வேணும்."

"என்னத்துக்கு?"

"கறள் எடுக்க."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். குவியலைப் பார்த்தார். அது எங்கே பார்த்தாலும் சிவந்து கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, கறள் புடிக்காத கம்பி தேடி வாற ஆக்களக் கண்டிரிக்கன். கறளத் தேடி வந்த மொத ஆள் நீங்கதான். இந்தா கெடக்கு, அள்ளிக்கிட்டுப் போங்க!"

அப்போது பின்னால் நின்ற என் மகள் வாய் திறந்தாள். வெளியாட்கள் முன்னால் அவள் கதைத்ததை நான் அதிகம் கண்டதில்லை.

"அது பெரிய கறள், மாமா. எங்களுக்குக் குட்டிக் கறள் வேணும்."

"கறள் குட்டி போடுமா புள்ள?"

"கரண்ட் குடுத்தாப் போடும்."

காக்கா சிரித்த சிரிப்பில் தகரக் கூரையில் இருந்த காகம் பறந்தது. அவரே எழும்பி, கட்டட வேலைக்குப் போடும் கொங்கிரீட் கம்பியில் இரண்டு துண்டு வெட்டி, பளபளக்கத் தேய்த்தும் கொடுத்தார். ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தையும் எடுத்து அவளிடம் நீட்டினார். இரும்பையும் பித்தளையையும் பிரித்துப் பார்க்க அவர் வைத்திருப்பது. "குட்டி பொறந்தா இதால தூக்கிப் பாரு. ஓடிச்செண்டா எனக்கும் ஒருக்காக் கொண்டு வந்து காட்டு."

வீட்டுக்கு வந்ததும் தொடங்கினோம். இந்த முறை ஒன்றும் பிழைக்கக் கூடாது என்று நானே முன்னுக்கு நின்றேன். கம்பிகள் ஒன்றோடொன்று முட்டிவிடும் என்ற பயத்தில் பேசினின் இந்தக் கரையில் ஒன்றும் அந்தக் கரையில் ஒன்றும் வைத்தேன். பிறகு ஒரு தடியை எடுத்துக் கலக்கத் தொடங்கினேன். பெயின்ற் கலக்கிப் பழகிய கை. பெயின்ற் எவ்வளவு கலக்குகிறோமோ அவ்வளவு நல்லது. நுரை எழும்பும்வரை கலக்கினேன்.

தண்ணீர் முதலில் பச்சையாகத் தெரிந்தது. "வருகுது, வருகுது!" என்றேன். பிறகு தேத்தண்ணி நிறம். பிறகு பால் விட்ட தேத்தண்ணி. பிறகு, எனக்கு நன்றாகத் தெரிந்த, நான் தினமும் மூக்கில் சுமந்துவருகிற அதே செங்கல் நிறம்.

அவள் காந்தத்தைப் பேசினின் பக்கத்தில் பிடித்தாள். சேறு அசையவில்லை. சுற்றிவரப் பிடித்தாள். அசையவில்லை.

"எரிமலைக்காரியிட்ட நான் இண்டைக்கே சொல்லி விடட்டே?" என்று மெதுவாகக் கேட்டாள். "அவ மேசைக்குச் சீலை தைக்க வேணுமாம்."

தடியைக் கீழே வைத்தேன். "இன்னும் ஒருக்கா வாசிச்சுப் பார், பிள்ளை."

அவள் போனில் ஏதோ ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து, அகராதியையும் பக்கத்தில் வைத்து, ஒரு வரிக்கு ஒரு தரம் பெருமூச்சு விட்டு வாசித்தாள். வாசித்துக்கொண்டு போனவள் ஒரு இடத்தில் நின்றாள்.

"அப்பா, கம்பியள் கிட்டக் கிட்ட நிக்க வேணும். விரல் தடிப்பு இடைவெளி போதும். தண்ணி நல்ல சூடா இருக்க வேணும். அதோட..." என்னைப் பார்த்தாள். "காத்து கூடுதலா உள்ள போனா எல்லாம் சிவந்து போகுமாம். கலக்கக் கூடாது."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"நீங்கள் சும்மா இருங்கோ."

"அது மட்டும் அவருக்கு ஏலாது," என்றாள் என் மனைவி குசினிக்குள் இருந்து.

என்னைக் கதிரையில் இருத்தி, மடியில் சின்னவளை ஏற்றி வைத்தார்கள், நான் எழும்பாமல் இருக்க. மூத்தவள் ஒரு கண்ணாடிப் போத்தலில் உப்புத் தண்ணீர் விட்டு, அதைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கினாள். இரண்டு கம்பிக்கும் இடையில் ஒரு துண்டு ரப்பரை வைத்துக் கட்டினாள். வயரைப் பொருத்தினாள். குமிழி வந்தது. பச்சை வந்தது. நான் மூச்சுக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டேன், என் மூச்சுக் காற்றும் உள்ளே போய்விடும் என்ற பயத்தில். பச்சை கடும்பச்சையானது. பிறகு போத்தலுக்குள் யாரோ மையைக் கொட்டியதுபோல் இருண்டது.

அவள் வயரைக் கழற்றிவிட்டு, காந்தத்தைப் போத்தலின் வெளிப்பக்கத்தில் வைத்தாள். கறுப்பு மெல்லத் திரும்பியது. உண்மையாகச் சொல்கிறேன், ஒரு மிருகம் திரும்பிப் பார்ப்பதுபோல் திரும்பியது. காந்தத்தை மேலே இழுத்தாள், அதுவும் கண்ணாடியில் ஏறியது. கீழே இறக்கினாள், இறங்கியது.

"பூனை!" என்று கத்தினாள் சின்னவள். "கறுப்புப் பூனை!"

வாழ்க்கை முழுக்கக் கறளை அடித்தவன், அன்றுதான் முதல் முறையாக ஒரு கறளுக்குக் கை தட்டினேன்.

போத்தலை மூடி, குசினி யன்னல் தட்டில் வைத்தோம். வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனாள், நான் வேலைக்குப் போனேன். போன கையோடு பட்டறை முழுக்கச் சொல்லி முடித்தேன். பின்னேரம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படலையைத் திறந்துகொண்டு வந்தோம். யன்னல் தட்டில் போத்தல் இருந்தது. கழுவிக் கவிழ்த்து, பளிச்சென்று இருந்தது.

"அம்மா!"

என் மனைவி கிணற்றடியில் உடுப்புப் பிழிந்துகொண்டிருந்தாள். "என்ன பிள்ளை?"

"போத்தலுக்குள்ள இருந்தது எங்க?"

"அதோ, தகரத்தில காய வைச்சிருக்கிறன். உப்புத் தண்ணிக்குள்ளயெல்லோ கிடந்தது. நீங்கள் ஒருத்தரும் கவனிக்கேல்லை. காந்தத்தை அடியில பிடிச்சுக்கொண்டு, நல்ல தண்ணி விட்டு மூண்டு தரம் அலம்பி, வெயில்ல போட்டனான். ஒரு பொட்டும் வெளியில போகேல்லை." குரலில் பெருமை இருந்தது. "உப்போட விட்டால் கறள் பிடிச்சிடுமெல்லே."

சின்னவள்தான் கேட்டாள்.

"அம்மா, அது கறள்தானே?"

என் மனைவி பிழிந்த உடுப்பைக் கையில் பிடித்தபடி யோசித்தாள். "கறள் எண்டதுக்காக அதுக்குக் கறள் பிடிக்காதோ?"



நாங்கள் தகரத்தடிக்கு ஓடினோம். நாள் முழுக்கச் சுட்ட தகரத்தின் மேல் எங்கள் கறுப்புப் பூனை மண்ணிறமாகப் படுத்துக் கிடந்தது. கோப்பித் தூளும் மிளகாய்த் தூளும் கலந்த நிறம். செங்கல் நிறத்துக்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை.

மூத்தவள் அப்படியே கிணற்றுக் கட்டில் இருந்தாள். மண்ணிறம் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பேசினில் பார்த்தோமே. பற்றரியும் செத்துவிட்டது, ஹோர்ன் அடித்துப் பார்த்தேன், ஆடு இருமுவதுபோல் ஒரு சத்தம். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அவள் தன் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, "நான் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகேல்லை," என்றாள். என் மனைவி ஈரக் கையோடு நின்றாள், அவள் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

சின்னவளுக்குத் துக்கம் நீண்ட நேரம் நிற்காது. அவள் ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து விளையாடத் தொடங்கியிருந்தாள். தூளைக் கொட்டியிருந்த தகரம் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டது, அதைப் பிய்ப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள். தகரத்துக்குக் கீழே காந்தம் போன இடமெல்லாம் மேலே ஏதோ நடந்தது.

"அக்கா," என்றாள். "இது ஏன் மயிர் சிலிர்க்குது?"

திரும்பிப் பார்த்தோம். மண்ணிறத் தூள் குவிந்து, முள்ளு முள்ளாக எழும்பி நின்றது. முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி. காந்தம் அசைய முள்ளும் சரிந்தது.

மூத்தவள் எழும்பி வந்து காந்தத்தை வாங்கினாள். தூளில் கொஞ்சத்தைக் கடதாசியில் எடுத்து வைத்து, கீழே காந்தத்தைப் பிடித்தாள். இது தகரத்தின் வேலையோ என்ற சந்தேகம் அவளுக்கு. கடதாசியிலும் ஓடியது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடியது.

"மண்ணிறம். ஆனா ஓடுது," என்றாள். "ஏன் அப்பா?"

"எனக்கென்ன தெரியும்? ரீச்சரைக் கேள்."

"ரீச்சர் என்னைக் கேட்டா?"

"நடந்ததைச் சொல்லு."

"அம்மா கழுவிக் காயப் போட்டவா எண்டோ?"

"ஓம். அதுதானே நடந்தது."

வெள்ளிக்கிழமை காலை மோட்டார் சைக்கிள் எழும்பவில்லை. ஓட்டோவில் போனோம். அவள் மடியில் ஜாம் போத்தலில் தூள், என் மடியில் பேசின், காலடியில் ஒரு போத்தல் எரிந்த ஓயில், படகு என்ஜினில் ஓடி முடிந்து கழித்தது. ஓயில் அவளுடைய யோசனை. துறைமுகத் தண்ணீரில் படகு ஓயில் வானவில் நிறத்தில் மிதப்பதை அவள் எத்தனையோ முறை என்னோடு வந்து பார்த்திருக்கிறாள்.

விஞ்ஞான அறைக்கு வெளியே விறாந்தையில் என்னை நிற்கச் சொன்னார்கள். யன்னலால் எல்லாம் தெரிந்தது, கேட்டது. வகுப்பு முழுக்கச் சுற்றி நின்றது. எரிமலைக்காரியும் மேசைச் சீலையைக் கையில் பிடித்தபடி வந்திருந்தாள். ரீச்சர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"கறுப்பு எண்டெல்லோ சொன்னனான்?"

என் மகள் தலையைக் குனிந்தாள். என் கை யன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தது. கம்பியில் நல்ல கறள் இருந்தது, அந்த நேரத்திலும் எனக்கு அது தெரிந்தது.

"கறுப்பாத்தான் பிறந்தது ரீச்சர்," என்றாள். குரல் முதலில் சின்னதாக இருந்தது. "எங்கட வீட்டில உப்புத் தண்ணி பட்டதெல்லாத்தையும் அம்மா மூண்டு தரம் கழுவி வெயில்ல போடுவா. கறள் பிடிக்கக் கூடாதெண்டு. இதையும் போட்டிட்டா."

பிறகு ரீச்சருக்கு விளங்கியது. "கறளுக்குக் கறள் பிடிக்கக் கூடாதெண்டோ?" கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டி வந்தது அவருக்கு. வகுப்பு வெடித்துச் சிரித்தது. என் மகளும் சிரித்தாள். அவள் சிரித்தபிறகுதான் நான் கம்பியை விட்டேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். பேசினில் தண்ணீர், அதன் மேல் எரிந்த ஓயில் சில துளி. ஓயில் கறுப்பாகப் பரந்தது. அதன் மேல் மண்ணிறத் தூளைத் தூவினாள். தூள் ஓயிலுக்குள் போய் ஒளிந்துகொண்டது. காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றித் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோனாள். ஓயில் நெளிந்தது. பிறகு, கூப்பிட்ட நாய் வருவதுபோல, முழு ஓயிலும் தண்ணீரை விட்டுவிட்டுக் காந்தத்தைப் பார்த்து வந்தது. இழுத்த பக்கம் போனது. அது விட்டுப்போன இடத்தில் பேசினின் அடி தெரிந்தது.

"ஆ!" என்றது வகுப்பு.

ரீச்சர் அதன் பிறகுதான் விளங்கப்படுத்தினார். கறுப்புக்கு மக்னற்றைற்று என்று பெயர். துணிக்கை மிகச் சின்னதாக இருந்தால், சூட்டில் காயும்போது காற்றைக் குடித்து மண்ணிறமாக மாறிவிடும். நிறம்தான் மாறுகிறது, காந்தக் குணம் போவதில்லை. அந்த மண்ணிறத்துக்கும் தனியாக ஒரு பெயர் இருக்கிறது. பேசினில் நான் கலக்கி எடுத்த சிவப்பு வேறு சாதி. "உங்கட அம்மா உப்பைக் கழுவினது நல்ல வேலை. நாங்களும் கழுவத்தான் வேணும். வெயில்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."

எரிமலைக்காரி சீலையைத் தூக்கி மேசையில் விரித்தாள். "நடு மேசை உனக்குத்தான், என்ர எரிமலை பக்கத்து மேசையில நிக்கும்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்ர தூள் கொஞ்சம் தாவன். எரிமலைக் குழம்புக்குச் சரியான நிறம்."

"அப்பா செய்தது வீட்டில ஒரு வாளி நிறையக் கிடக்கு," என்றாள் என் மகள். "அது ஓடாது. நீ எல்லாத்தையும் எடு."

ரீச்சர் கையைத் தட்டினார். "சரி. கண்காட்சிக்கு வாற ஆக்களுக்கு மைக் பிடிச்சு விளங்கப்படுத்த ஒராள் வேணும். ஆர்?"

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். ஒரே ஒரு கை மேலே போனது. இந்த முறை தானாகப் போகவில்லை, அவளே தூக்கினாள். நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன். விரல் நுனி, நகக்கண், உள்ளங்கை ரேகை எல்லாம் மண்ணிறமாக இருந்தது.

பின்னேரம் வேலை முடிந்து வந்த நானும் பள்ளிக்கூடத்தால் வந்த அவளும் படலையைத் திறக்க, சின்னவள் ஓடிவந்து முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா! அக்காவும் பழுத்திட்டா!"

குசினிக்குள் இருந்து பதில் வந்தது. "ரெண்டு பேரும் கிணத்தடிக்குப் போங்கோ. மூண்டு தரம்."